16 அடிக்குள் ஒரு மீனுக்கு இடம்

மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்து, "ட்ரோலிங் செய்ய ஒரு சின்னப் படகு வாங்கியிருக்கிறன் மாமா" என்றேன். அவ்வளவுதான். "என்ன, ரோலரோ? அங்கயும் தொடங்கிற்றியளோ?" என்று சத்தம் ஏறிவிட்டது.

பிழை என்னுடையதுதான். யாழ்ப்பாணத்தில் கடலுக்குப் போய்வந்த ஒருவருக்கு ரோலர் என்றால் கடலடியை வழித்துக்கொண்டு போகும் இழுவைமடிப் படகு. இலங்கையில் 2017இல் சட்டம் போட்டுத் தடுத்த தொழில். மாமாவின் வலையை இரண்டு தடவை அறுத்துக்கொண்டு போன தொழிலும் அதுதான். "வலை இல்லை மாமா, தூண்டில். படகை மெதுவா ஓடவிட்டுப் பின்னால இழுக்கிறது" என்று விளக்கிய பிறகுதான் அடங்கினார். "சூரைக்கு இழுக்கிற மாதிரியோ? அதைச் சொல்லன்." வீட்டில் மகளிடம் சொன்னபோது அவள் வேறு மாதிரிச் சிரித்தாள். அவளுக்கு ட்ரோலிங் என்றால் இணையத்தில் யாரையாவது வம்புக்கு இழுப்பது. ஆகவே இங்கே இழுவைத் தூண்டில் என்றே எழுதுகிறேன்.

படகு 16 அடி அலுமினியம். 40 குதிரைவலு எஞ்சின், ஒரு டிரெய்லர், மூன்று கதிரைகள். எல்லாம் ஒருவர் கை மாறி வந்தவை. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில், பிரிம்லி வீதியின் அடியில் இருக்கும் பிளஃபர்ஸ் பார்க்கில்தான் இறக்குவோம். பின்னால் 90 மீற்றர் வரை எழும்பி நிற்கும் களிமண் குன்றுகள். முன்னால் ஒன்ராறியோ ஏரி. ஏரி என்று சொல்கிறோமே தவிர, பரப்பில் இலங்கைத் தீவின் கால்வாசிக்கு மேல்; ஆழமான இடத்தில் 244 மீற்றர். அங்கே 16 அடிப் படகில் நிற்பவனுக்கு அதைக் கடல் என்று சொல்ல யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

நாங்கள் தேடிப்போவது சினூக் சால்மன். இது இந்த ஏரியின் மீனே அல்ல. இங்கே பரம்பரையாக இருந்தது அட்லாண்டிக் சால்மன். அது 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அழிந்துவிட்டது. அப்புறம் ஏல்வைஃப் என்ற சின்ன மீன் தலைகால் தெரியாமல் பெருகியது. நம்முடைய சூடையின் தூரத்துச் சொந்தம். அதைத் தின்னவும், ஆட்கள் பிடித்து மகிழவும் பசிபிக் கரைச் சால்மன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இந்த ஏரியில் அது 1968இல் தொடங்கியது. 'வந்தேறி மீன், வந்தேறி மீனவன்' என்று இதை வைத்து யாராவது கவிதை எழுதியிருப்பார்கள். அதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

சினூக்குக்குப் பிடித்த தண்ணீர் 10 முதல் 13 பாகை செல்சியஸ். ஓகஸ்ட் மாதம் மேல்தண்ணீர் 20 பாகைக்கு மேல் போய்விடும். அப்போது மீன் 60, 80, சில நாள் 100 அடிக்குக் கீழே குளிர் தொடங்கும் இடத்தில் நிற்கும். தூண்டிலை அந்த ஆழத்துக்குக் கொண்டுபோய், அங்கேயே வைத்து, அதே வேளை மணிக்கு இரண்டரை மைல் வேகத்தில் இழுக்கவும் வேண்டும். வெறும் ஈயத்தைக் கட்டி இழுத்தால் நூல் பின்னால் எழும்பி மேலே வந்துவிடும். படகில் பூட்டும் சாமான்களில் பாதி இந்த ஒரு சிக்கலைத் தீர்க்க வந்தவைதான்.

தீர்வு டவுன்ரிகர். ஒரு சின்ன ராட்டினம், அதில் இரும்புக் கம்பி, கம்பியின் நுனியில் 10 அல்லது 12 இறாத்தல் ஈயக்குண்டு. குண்டுக்கு மேலே ஒரு ரப்பர் கிளிப். தூண்டில் நூலை அந்தக் கிளிப்பில் கடிக்க வைத்துக் குண்டை இறக்கினால் நூலும் கூடவே இறங்கும். மீன் கடித்ததும் நூல் கிளிப்பிலிருந்து கழன்றுவிடும். பிறகு பாரம் ஒன்றும் இல்லை. தூண்டில் தடிக்கும் மீனுக்கும் நடுவே தங்கூசி நூல் மட்டும். கம்பியையும் குண்டையும் பார்த்தவுடன் மாமா, "உது கிணத்துத் துலாவெல்லோ" என்றார். சரிதான்.

இந்தத் துலாவை எங்கே, எப்படிப் பூட்டுவது என்பதில்தான் நான் முதல் வருடம் முழுவதையும் தொலைத்தேன்.

அலுமினியப் படகின் விளிம்பு பார்க்கத் தடிப்பாக இருக்கும். உண்மையில் அது மடித்த தகடு. முதல் தடவை நான் செய்தது: விளிம்பில் துளை போட்டு, தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும் திருகாணி நாலு வைத்து அடித்தளத்தை இறுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. பெருமையாகவும் இருந்தது. ஆனால் கையால் ஆட்டுவது வேறு, டவுன்ரிகரின் இரண்டடிக் கை வெளியே நீட்டி நிற்க, அதன் நுனியில் 12 இறாத்தல் தொங்க, அலையில் படகு ஏறி விழும் ஒவ்வொரு தடவையும் இழுபடுவது வேறு. ஜூன் மாதம் 60 அடித் தண்ணீரில் குண்டு தரையில் எதிலோ மாட்டியது. படகு நிற்காமல் போகிறது. கம்பி பின்னால் சரிகிறது, டவுன்ரிகரின் கை வளைகிறது. நான் எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவருவதற்குள் 'டக், டக்' என்று இரண்டு திருகாணி கழன்று பறந்தன. மீதி இரண்டும் தகட்டைக் கிழித்துக்கொண்டு எழும்பின. நண்பன் பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் முழுச் சாமானும் ஏரிக்குள் போயிருக்கும்.

சரி, அடுத்த தடவை கவனமாகச் செய்வோம் என்று விளிம்புக்கு அடியில் ஒரு பலகை கொடுத்து, ஊடுருவும் போல்ட் போட்டேன். வீட்டுத் தோட்டத்து மேடை கட்டி மிஞ்சிய பலகை. அதிலும் ஒரு பாடம் காத்திருந்தது. உக்காமல் இருக்க அந்தப் பலகைகளுக்கு ஏற்றும் மருந்தில் செம்பு இருக்கிறது. ஈரத்தோடு செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் அரிபடும். குளிர்காலம் கழிந்து பலகையைக் கழற்றியபோது தகட்டில் உப்புப் பூத்தது போல வெள்ளைத் தூள். விரலால் துடைத்தால் கீழே ஊசி குத்திய மாதிரிக் குழிகள். இப்போது இருப்பது கால் அங்குல அலுமினியத் தகடு, உள்ளங்கை இரண்டு சேர்த்த அகலம், துருப்பிடிக்காத போல்ட், நைலோன் வைத்த நட். படகு தாழ்ந்தாலும் தகடு தாங்கும். பழைய துளைகளை அடைத்திருக்கிறேன். அவை தெரியாது என்று சொல்லமாட்டேன்.

மின்சாரத்தில் இயங்கும் டவுன்ரிகரும் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் குண்டு தானே ஏறிவரும். என் நண்பனுக்கு அதில் இன்னும் ஒரு கண். நான் கையால் சுற்றுவதே போதும் என்று நிற்கிறேன். காரணம் காசு மட்டும் அல்ல. மின் டவுன்ரிகர் பற்றரியை உறிஞ்சும். அதற்காக இன்னொரு பெரிய பற்றரி வேண்டும். அதை வைக்க இடம் வேண்டும். அதன் பாரம் ஏற்கனவே அமுங்கி நிற்கும் படகின் பின்பக்கத்தில்தான் போய் இருக்கும். சின்னப் படகில் ஒரு சாமான் தனியாக வராது, நாலு உறவுக்காரரைக் கூட்டிக்கொண்டுதான் வரும். இரண்டாவது பற்றரி ஒன்று எப்படியும் வைத்திருக்கிறேன், சின்னது, படகின் முன்முனையான அணியத்தில். எஞ்சினைத் தொடக்கும் பற்றரியிலேயே, கீழே நிற்கும் மீனைத் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டரையும் கொடுத்திருந்தபோது, திறப்பைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் திரை செத்து உயிர்த்தது. பாரத்தை முன்னால் கொண்டுபோனதில் படகும் கொஞ்சம் நேராக இருக்கத் தொடங்கியது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

ஃபிஷ் ஃபைண்டரைப் பற்றி ஒன்று. மீனைப் பார்க்கத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். நான் அதில் பார்ப்பது என் குண்டை. அது அனுப்பும் ஒலி கீழே கூம்பு போலத்தான் விரிகிறது. 20 பாகைக் கூம்பு என்றால் 100 அடியில் ஏறக்குறைய 35 அடி அகலம். குண்டு அதற்குள் இருந்தால் திரையில் ஒரு கோடு நீளமாக ஓடும். மீன் வளைவாக வந்து அந்தக் கோட்டை நோக்கி ஏறுவதும் தெரியும், ஏறிவந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போவதும் தெரியும். அது போல மனதை நோகடிக்கும் காட்சி வேறு இல்லை. கோடு திடீரென்று மறைந்தால் குண்டு கூம்புக்கு வெளியே பின்னால் போய்விட்டது என்று பொருள். அப்போது டவுன்ரிகர் சொல்லும் 80 அடி உண்மையில் 80 அடி அல்ல.

இங்கேதான் வேகத்தின் கதை வருகிறது. ஜிபிஎஸ் 2.4 மைல் என்று காட்டும். அது படகு தரைக்கு மேல் போகும் வேகம். 80 அடிக்குக் கீழே தண்ணீர் தன் பாட்டில் வேறு திசையில் ஓடிக்கொண்டிருக்கலாம். கிழக்கே போகும்போது கரண்டி சோம்பலாகப் புரளும், அதே 2.4இல் மேற்கே திரும்பினால் பைத்தியம் பிடித்த மாதிரிச் சுழலும். (கரண்டி என்பது மினுங்கும் தகட்டுத் தூண்டில். ஆங்கிலத்திலும் கரண்டி என்றுதான் பெயர்.) குண்டோடு சேர்த்து அனுப்பிக் கீழ்த்தண்ணீரின் வேகத்தையும் வெப்பத்தையும் சொல்லும் கருவி உண்டு. என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது கம்பி. கம்பி தண்ணீரில் இறங்கும் கோணத்தைப் பார்த்தால் போதும். மீன் கடித்தபோது கம்பி எவ்வளவு சரிந்திருந்தது என்று நினைவில் வைத்துக்கொண்டு, திரும்பிய பிறகு அதே சரிவு வரும்வரை எஞ்சினைக் கூட்டிக் குறைப்பேன். எண்ணைப் பார்க்க மாட்டேன். போதாததற்குக் கம்பி பாடவும் செய்யும். வேகம் சரியாக இருக்கும்போது தம்புரா மாதிரி ஒரே சுருதியில் முனகும். வேகம் கூடினால் சுருதி ஏறும். இரைச்சல் பிடிக்காதவர்கள் கம்பிக்குப் பதில் பின்னல் நூல் போடுகிறார்கள். எனக்கு அந்தச் சுருதி இல்லாமல் படகு ஓட்ட வராது.

இன்னொரு தந்திரம் திருப்பத்தில் இருக்கிறது. படகை அகலமாக வளைத்துத் திருப்பும்போது உள்பக்கத் தூண்டில் மெதுவாகும், வெளிப்பக்கத் தூண்டில் வேகமாகும். எந்தப் பக்கம் கடிக்கிறதோ அந்தப் பக்க வேகத்தைத்தான் மீன் கேட்கிறது. காசில்லாமல் கிடைக்கும் பதில். குறுகலாக மட்டும் திருப்பிவிடாதீர்கள். மூன்று நூலும் ஒன்றாகிச் சடை பின்னிக்கொள்ளும், அதைப் பிரிக்கும் அரை மணி நேரத்தில்தான் பக்கத்துப் படகுக்காரன் மீன் தூக்குவான்.

40 குதிரை எஞ்சின் எவ்வளவு குறைத்தாலும் மூன்று மைலுக்குக் கீழே வர அடம்பிடித்தது. பலர் பக்கத்தில் 9.9 குதிரை எஞ்சின் ஒன்றைக் கூடப் பூட்டிக்கொள்கிறார்கள். நல்ல ஏற்பாடு, பெரியது நின்றுபோனால் கரைசேரவும் உதவும். ஆனால் அதுவும் பின்பலகையில்தான் தொங்கும், அதுவும் பாரம்தான். மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் காலத்து மண்ணெண்ணெய் எஞ்சினுக்கும் இதே குணமாம். "ஒரு வாளியைக் கட்டி இழு" என்றார். கடையில் இதற்கென்றே தைத்த பை விற்கிறார்கள். நான் ஒரு ஐந்து கலன் பெயின்ட் வாளியின் அடியில் துளைகள் போட்டு, அணியத்துக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் கட்டினேன். கயிறு புரொப்பெல்லரை எட்டாத நீளம். வேகம் 2.3க்கு இறங்கியது. அதோடு, காற்றுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்த அணியமும் அடங்கி நேராகப் போகத் தொடங்கியது. அலுமினியப் படகு தண்ணீரில் கிடக்கும் காய்ந்த இலை மாதிரி, காற்று ஊதினால் போய்விடும்.

இந்த ஏரியில் படகிலிருந்து ஓர் ஆளுக்கு இரண்டு தூண்டில் போடலாம். இரண்டு பேர் போனால் நாலு. நாங்கள் மூன்றுதான் போடுகிறோம்: இரண்டு டவுன்ரிகர், நடுவே ஒரு டைவர். டைவர் என்பது தட்டு மாதிரி ஒரு சாமான். இழுக்க இழுக்கத் தானாகத் தண்ணீரைக் குத்திக்கொண்டு கீழே போகும், சற்றுப் பக்கவாட்டிலும் விலகும். நாலாவதைப் போட்டுப் பார்த்தோம். அதில் ஒரு மீனும் வரவில்லை, சிக்கல் மட்டும் வந்தது.

நூல் 30 இறாத்தல் தங்கூசி. அவ்வளவு தடிப்பு மீனுக்காக இல்லை. ஜூலை நடுவில் இருந்து நூலில் ஈரப்பஞ்சு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். கையில் எடுத்தால் கூழ். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் நீண்ட வாலில் கொக்கி வைத்த ஒரு சின்னஞ்சிறு உயிர். கொக்கித் தெள்ளு என்று சொல்லலாம். காஸ்பியன், கருங்கடல் பக்கத்திலிருந்து கப்பல் தண்ணீரோடு வந்தது. இந்த ஏரியில் 1998இல் கண்டுபிடித்தார்கள். மெல்லிய நூலில் அப்பிக்கொண்டு தடியின் நுனி வளையத்தை அடைத்துவிடும், மீன் பத்தடி தூரத்தில் இருக்க ரீல் சுற்றாமல் நின்றுபோகும். நூலை விரலால் சுண்டிக்கொண்டே சுற்றவேண்டும். இப்படியான விருந்தாளிகளைப் பரப்பாமல் இருக்கத்தான் 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் படகைத் தண்ணீரிலிருந்து எடுத்ததும் அடித்தக்கையைக் கழற்றி வடித்துவிட்டே வீதியில் இழுக்க வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதி. அடுத்த கிழமை இறக்கும்போது தக்கையைத் திரும்பப் பூட்ட மறப்பது நம்முடைய பொறுப்பு. ஒரு தடவை மறந்தேன். காலடியில் குளிர்ந்தது. இப்போது அந்தத் தக்கை எஞ்சின் திறப்போடு ஒரே வளையத்தில் தொங்குகிறது.

படகோட்டி அட்டை, பதிவெண், உயிர்காப்பு அங்கி, 15 மீற்றர் மிதக்கும் கயிறு, ஊதுகுழல் எல்லாம் சட்டப்படி வேண்டியவை, வைத்திருக்கிறோம். அங்கியைக் கதிரைக்கு அடியில் வைக்காமல் உடம்பில் போடுவது எங்கள் சொந்தச் சட்டம். மேற்குக் காற்று இரண்டு நாள் பலமாக அடித்தால் வெதுவெதுப்பான மேல்தண்ணீரை ரொறன்ரோக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடும். அடித்தண்ணீர் எழும்பி அந்த இடத்துக்கு வரும். சனிக்கிழமை குழந்தைகள் குளித்த தண்ணீர் திங்கட்கிழமை 8 பாகையில் நிற்கும். மீனுக்குக் கொண்டாட்டம், கரைக்குக் கிட்டவே வரும். விழுந்தவனுக்குக் கையும் காலும் சில நிமிடங்களில் விறைத்துவிடும்.

இத்தனையும் பூட்டிய பிறகும் எங்களுக்கு மீன் தப்பிக்கொண்டே இருந்தது. கடிக்காமல் இல்லை. கடித்த பிறகு.

இரண்டாவது வருட ஓகஸ்டில் ஒரு விடியற்காலை. இடப்பக்கத் தடி வில்லாக வளைந்து நிற்கிறது. கிளிப்பில் நூலை இழுத்துப் பிடித்து வைத்தால் அப்படித்தான் நிற்கும். சினூக் கடித்தால் தடி வளையும் என்று நினைப்பீர்கள். இல்லை. முதலில் சடாரென்று நிமிரும். நூல் கிளிப்பிலிருந்து கழன்ற அந்த ஒரு நொடி. பிறகுதான் வளைந்து நுனி தண்ணீரைத் தொடும், ரீல் அலறும். நண்பன் தடியைப் பிடுங்கினான். நூல் 150, 200, 250 அடி என்று போய்க்கொண்டே இருந்தது. நான் வலையைத் தேடினேன். வலை கதிரைகளுக்கு அடியில், அதன் கண்ணியில் ஒரு கரண்டியின் கொக்கி மாட்டி, அந்தக் கரண்டி டைவரோடு சேர்ந்து கிடந்தது. வலப்பக்கக் குண்டை இன்னும் ஏற்றவில்லை. மீன் படகுக்கு அடியால் ஓடி அந்தக் கம்பியைச் சுற்றியது. அதைப் பார்க்க நானும் இடப்பக்கத்துக்குப் பாய்ந்தேன். இரண்டு பேரும் ஒரு விளிம்பில். படகு சாய்ந்தது, ஒரு வாளி தண்ணீர் உள்ளே வந்தது. நூல் கம்பியில் உரசி 'டிக்' என்றது. எவ்வளவோ பெரிய ஒன்று வெள்ளையாய் ஒரு புரள் புரண்டு இறங்கியது.

அந்தக் குளிர்காலம் முழுக்கக் கராஜில் டிரெய்லர் மேல் நின்ற படகில் ஏறி, இரண்டு பேரும் மீன் பிடிப்பது போல நடித்துப் பார்த்தோம். சிரிக்காதீர்கள். கடித்தது என்றால் யார் எங்கே நிற்பது, எந்தக் கைக்கு எது எட்டவேண்டும் என்று. நடு இருக்கை தடக்கியது, கழற்றினோம். தடிதாங்கிகளை ஒரு அடி முன்னால் நகர்த்தினோம். தூண்டில் பெட்டி மூன்று ஒன்றாயிற்று, அந்த ஒன்றும் அணியத்துக்குப் போயிற்று. தரையில் எதுவும் வைப்பதில்லை. வலை வலப்பக்க விளிம்பில் உள்பக்கமாக, வாய் பின்னால் பார்க்க, இரண்டு ரப்பர் பட்டியில். குறடு கயிற்றில். கடித்தால் தடி பிடிக்காதவன் முதலில் தொடுவது மறுபக்க டவுன்ரிகரை. குண்டை மேலே ஏற்றிய பிறகுதான் வலை. தடி பிடித்தவன் பின்மூலையில், வலை பிடித்தவன் மற்றப் பக்கம் காலூன்றி, மீன் வந்த பிறகே நடுவுக்கு. மனைவி கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடினாள்.

போன ஓகஸ்டில் 22 இறாத்தல் ஒன்று ஏறியது. தடி நிமிர்ந்தது, நான் மறுபக்கம் குனிந்து 75 அடிக் கம்பியையும் சுற்றி எடுத்தேன், தோள் கழன்றுவிடும் போல இருந்தது. மீன் மூன்று தடவை ஓடியது. நாலாவது தடவை பக்கவாட்டில் சாய்ந்து வர, தலைப்பக்கமாக வலையைக் கொடுத்தேன். காலடியில் விழுந்து தரையைப் பறை மாதிரி அடித்தது. கைப்பேசியைத் தடிதாங்கியில் சொருகி, பத்து விநாடி நேரம் வைத்து, மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம். படத்தை மாமாவுக்கு அனுப்பினேன்.

அங்கே மாலை. உடனே குரல்பதிவு வந்தது.

"மீன் நல்ல மீன். ஏன் ரெண்டு பேரும் ஒரு பக்கத்தில நிக்கிறியள்?"